பழைய எம்ஜிபிக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் வாங்கப் போய் பட்ட பாடு

கேபிளின் விலை 14 பவுண்ட். அதை ஒழுங்காக மாற்றி முடித்தபோது என் கையை விட்டுப் போயிருந்தது ஏறக்குறைய 400 பவுண்ட், கூடவே இங்கிலாந்தில் கிடைக்கிற கொஞ்சநஞ்ச வெயில்காலமும் போய்விட்டது. பணம்கூடப் பரவாயில்லை, இடையில் பட்ட பயம்தான் பெரிது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சின், கியர்பாக்ஸ், துரு என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆனால் ஆக்சிலரேட்டர் கேபிளைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பெடலிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ஒரு கம்பி, அதற்கு மேல் ஒரு உறை, அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள் போல. யாராவது முன்னாடியே நாலு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த மாதங்களில் பலமுறை ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமானாலும் பரவாயில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிரச்சினையின் வேர் பாதி அதில்தான் இருக்கிறது. என்னுடையது 1973ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர், எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் இரண்டு சீட் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது, அதனால் பாகங்கள் கிடைக்காது என்ற கவலையே இல்லை. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது. கலிஃபோர்னியா மாதிரி ஈரம் குறைந்த இடங்களில் துருப்பிடிக்காமல் இருந்த வண்டிகளைப் பிற்பாடு இங்கே திரும்பக் கொண்டு வந்து, ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றி விற்றார்கள். என்னுடையதும் அப்படி வந்ததுதான். சேஸிஸ் எண் ஜிஹெச்என்5யுடி என்று தொடங்கும். ஜி என்றால் எம்ஜி, ஹெச் என்பது எஞ்சின் அளவின் வகை, என் என்பது இரண்டு சீட் திறந்த கார், யு என்பது அமெரிக்காவுக்குப் போனது, டி என்பது 1973 மாடல். உங்கள் வண்டியில் ஐந்துக்குப் பின்னால் யு இருந்தால், இப்போது ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, அது இடது பக்க ஸ்டீயரிங்கோடு பிறந்த வண்டி. இது ஏன் முக்கியம் என்றால், எம்ஜிபியில் கார்புரேட்டர் இரண்டும் எஞ்சினின் இடது பக்கம் இருக்கின்றன. அமெரிக்க வண்டியில் பெடலும் அதே பக்கம். வலது பக்கம் மாற்றிய வண்டியில் கேபிள் எஞ்சின் அறையின் குறுக்கே வளைந்து போக வேண்டும். போதாக்குறைக்கு எனக்கு முன்னால் வைத்திருந்தவர், அந்த வருடத்துக்குரிய எஸ்யு கம்பெனியின் ஹெச்ஐஎஃப்4 வகைக் கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டு, இன்னும் பழைய எம்ஜிபி ஒன்றிலிருந்து எடுத்த ஹெச்எஸ்4 ஜோடியை, கேபிள் வந்து உட்காரும் பிராக்கெட்டோடு சேர்த்து மாட்டியிருந்தார். ஆகப் பெடல் ஒரு கதை, கார்புரேட்டர் இன்னொரு கதை, சேஸிஸ் எண் மூன்றாவது கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்திலிருந்து ஏ44 சாலையில் ஈவ்ஷாம் போய்க்கொண்டிருந்தேன். மோர்டன்-இன்-மார்ஷ் தாண்டி, ஃபிஷ் ஹில் மேட்டிலிருந்து பிராட்வே பக்கம் இறங்கும் சாலை வளைந்து வளைந்து நல்ல சரிவாக இருக்கும். இறக்கத்துக்கு முன்னால் ஒரு லாரியை முந்துவதற்காக நன்றாக அழுத்தினேன், காலை எடுத்தேன், எஞ்சின் சத்தம் குறையவே இல்லை. பெடல் பாதி தூரம் மேலே வந்து நின்றுவிட்டது. கிளட்சை மிதித்தேன், எஞ்சின் இன்னும் அலறியது. "அம்மா, காலை எடுங்கம்மா!" என்று மகள் கத்துகிறாள், "எடுத்துட்டேன் கண்ணு" என்று சொல்கிறேன், முன்னால் வளைவு வருகிறது. சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்பினேன். எஞ்சின் அணைந்தது, கியரில் இருந்ததால் கிளட்சை விட்டதும் வண்டி தானாகவே வேகம் குறைந்தது, பிரேக்கையும் சேர்த்து மிதித்து ஓரத்தில் இருந்த புல்தரையில் ஏற்றி நிறுத்தினேன். இறங்கியபோது முழங்கால் இரண்டும் நடுங்கின. மகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெடல் மாட்டிக்கொண்டால் சாவியை ஒரு படிதான் திருப்ப வேண்டும், வெளியே உருவவே கூடாது. 70களின் எம்ஜிபியில் ஸ்டீயரிங் லாக் உண்டு, சாவியை எடுத்தால் பூட்டிக்கொள்ளும். என் வண்டியில் பிரேக் சர்வோ, அதாவது எஞ்சின் உதவியோடு பிரேக் மிதியை லேசாக்கும் கருவி, இல்லை, அதனால் எஞ்சின் அணைந்ததும் பிரேக்கில் எந்த மாற்றமும் தெரியவில்லை. சர்வோ வைத்த வண்டி என்றால் எஞ்சின் அணைந்த பிறகு சில மிதிகளுக்குத்தான் உதவி மிச்சமிருக்கும், ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். இதை வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே, கையும் காலும் பழகும் வரை செய்து பாருங்கள். கூட ஓட்டுகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பிரேக்டவுன் சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் பெடலின் உச்சியைக் காட்டினார். கேபிளின் உள்கம்பி என்பது ஒற்றைக் கம்பி இல்லை, மெல்லிய இழைகளை முறுக்கிய புரி. அதன் நுனியில் உள்ள நிப்பிள் என்கிற சின்ன உலோகக் குமிழ், பெடல் கையின் தலையில் ஒரு பள்ளத்தில் உட்காரும். அந்த நிப்பிளை ஒட்டி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, அறுந்த நுனிகள் முள்ளாக விரிந்து, உறையின் வாயில் குத்தி நின்றிருந்தன. பெடல் திரும்பாததற்கு அதுதான் காரணம். அவர் கையால் இழுத்ததும் மீதி இருந்ததும் அறுந்து போனது. இது ஒரே நாளில் நடந்ததில்லை, மாதக்கணக்கில் நடந்திருக்கும். இங்கே 2018 மே மாதத்திலிருந்து 40 வருடம் தாண்டிய வண்டிகள் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டியதில்லை. வசதிதான், ஆனால் ஒருவர்கூட வருடத்துக்கு ஒரு தடவை கீழே குனிந்து பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். கட்டாயம் இல்லாவிட்டாலும் விரும்பிக் கேட்டால் எம்ஓடி செய்து தருவார்கள், நான் இப்போது வருடா வருடம் செய்துகொள்கிறேன். நீங்களும் இன்றைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு பெடலுக்கு மேலே தலையை விட்டு, அந்த நிப்பிள் ஓரத்தில் ஒரே ஒரு இழையாவது தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிட வேண்டியதுதான். எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

சரி, கேபிள் வாங்கும் கதைக்கு வருகிறேன். பாகங்கள் விற்கும் ஒரு பெரிய கடையின் தளத்தில் வருடம், ஸ்டீயரிங் பக்கம் இரண்டையும் கேட்டார்கள், 1973, வலது என்று கொடுத்தேன், 14 பவுண்டுக்கு ஒன்று வந்தது. மாட்டிப் பார்த்தால் உறை ஒரு சாண் அளவுக்கு நீளம். வளைந்து தொங்கி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம் போய் நின்றது. எம்ஜிபியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் என்பதால் அங்கே சூடு சாதாரணமாக இருக்காது. அதைவிட மோசம், இந்தப் பக்கம் உள்கம்பி கார்புரேட்டர் லிவரில் உள்ள பிடிமானம் வரை எட்டவில்லை. இழுத்துப் பிடித்து மாட்டினால் ஐடிலிலேயே, அதாவது பெடலை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போதே, கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் கொஞ்சம் திறந்து நின்றது.

நான் கற்றுக்கொண்ட முதல் பெரிய விஷயம் இதில்தான் இருக்கிறது. கேபிளின் நீளம் என்று ஒரு எண் கிடையாது, இரண்டு எண்கள் உண்டு. உறையின் நீளம் ஒன்று, உள்கம்பியின் நீளம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உறைக்கு வெளியே நமக்குக் கிடைக்கிற கம்பி, வேலை செய்வது அந்தக் கம்பிதான். உறை கூடிவிட்டால் அது உள்கம்பியை விழுங்கிவிடும். எம்ஜிபியின் கார்புரேட்டர் முனையில் நிப்பிள் இல்லை, வெறும் கம்பியைத் துளைக்குள் விட்டுத் திருகு போட்டுப் பிடிப்பதுதான், அதனால் உள்கம்பி கூடுதலாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றுமே செய்ய முடியாது. கடைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு நீளத்தைத்தான் போடுகிறார்கள், அது எது என்பதையும் சொல்வதில்லை. போன் செய்து "உறை எவ்வளவு, உறைக்கு வெளியே கம்பி எவ்வளவு" என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

கடைக்காரரைக் கேட்டபோது, "உறையைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் போடுங்கள், உங்கள் வண்டிதான் ஒரிஜினல் இல்லையே" என்றார். நான் வெட்டவில்லை, அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தேன். உள்ளே வழுக்குக் குழாய் வைத்த உறையைச் சாதாரணக் கட்டரால் வெட்டினால் வாய் நசுங்கி, உள்ளே போகும் கம்பியை அறுக்கும். முனையில் அழுத்திப் பொருத்திய உலோக மூடியையும் திரும்பப் போட முடியாது. இன்னொன்று, வெட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். இங்கே இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை 2013ஆம் வருட நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் இருக்கிறது, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகுதான் பணம் வந்தது, திருப்பி அனுப்பிய தபால் செலவு என் தலையில். ஆகவே எந்தக் கேபிள் வந்தாலும் முதலில் மேசையில் நேராக வைத்துப் பழைய கேபிளோடு அளந்து பாருங்கள், அப்புறம் வண்டியில் வைத்துப் பாருங்கள், எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு கட்டரை எடுங்கள்.

அடுத்து பக்கத்து ஊரில் உள்ள ஒரு கராஜ். பழைய வண்டிகளுக்குப் பேர் போனவர்கள் என்று சொன்னதால் விட்டேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற பொதுக் கேபிள் ஒன்றைப் போட்டு 185 பவுண்ட் வாங்கினார்கள். வீட்டுக்கு வருவதற்குள்ளேயே பிரச்சினை தெரிந்துவிட்டது. முதல் கியரில் கொஞ்சம் வேகமாக எடுத்தால் வண்டி குதிரை மாதிரி துள்ளியது, நான் பெடலை அசைக்காமலேயே எஞ்சின் வேகம் ஏறி இறங்கியது. திரும்பக் கொண்டு போனால், செட்டிங் என்று இன்னொரு 60 பவுண்ட். "ஐம்பது வருஷ வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அந்தப் பேச்சு இன்றைக்கும் மனதை அறுக்கிறது. நான் கூடவே நின்று கேள்வி கேட்டபோது என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொன்னார்கள், அவருக்குக் கார் ஓட்டவே பிடிக்காது.

துள்ளியதற்கான காரணத்தைப் பிற்பாடு நானே கண்டுபிடித்தேன். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. சக்தி கொடுக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும், விட்டால் நிமிரும். கேபிளின் ஒரு முனை பாடியில், மறு முனை எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிற கார்புரேட்டரில். நடுவில் உறைக்குக் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லாமல் விறைப்பாக விட்டால், எஞ்சின் சாய்வதே த்ராட்டிலை இழுத்துவிடும். எஞ்சின் நிற்கும்போது அதைக் கையால் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள், த்ராட்டில் லிவர் ஒரு நூல்கூட அசையக் கூடாது. அந்தப் பொதுக் கேபிளில் இன்னொரு கோளாறும் இருந்தது. உள்கம்பி தடிமன் அதிகம் என்பதால் லிவரில் உள்ள பிடிமானத் துளையைப் பெரிதாக்கி, திருகை நசுங்கும் அளவுக்கு முறுக்கியிருந்தார்கள். அந்தப் பிடிமானம் லிவரில் தானாகச் சுழல வேண்டிய பொருள். அது சுழலாமல் இறுகிவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் கம்பி அதே இடத்தில் மடங்கும், மடங்கும் இடத்தில்தான் அறுபட ஆரம்பிக்கும். நான் பார்த்தபோது அங்கே இழைகள் தூக்க ஆரம்பித்திருந்தன.

நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரில் எந்தப் பட்டறைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் போய் ஒரு பாகம் வேண்டும் என்றால் முதல் கேள்வி "சாம்பிள் இருக்குங்களா?" என்பதுதான். வண்டி பேரைச் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இங்கே வந்து அதை மறந்து, வருடத்தையும் மாடலையும் சொன்னால் சரியானது வரும் என்று எல்லாரும் சொன்னதை நம்பியிருந்தேன். நடுவில் ஐம்பது வருடம் ஓடியிருக்கிறது, எத்தனையோ கைகள் மாறியிருக்கின்றன. தொழிற்சாலையை விட்டு வந்தபோது வண்டி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருகிறது, நல்ல விஷயம்தான், ஆனால் இன்றைக்கு உங்கள் வண்டியில் என்ன மாட்டியிருக்கிறது என்பதை அது சொல்லாது. கேபிள் வாங்குவதற்கு உங்கள் வண்டியும் ஒரு டேப்பும்தான் கேட்டலாக்.

என் விஷயத்தில் பழைய கேபிளை வைத்தும் அளக்க முடியவில்லை, அதுவே யாரோ ஒப்பேற்றிய கேபிள். அதனால் சைக்கிள் கடையில் மலிவான பிரேக் கேபிள் உறை இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். பெடலுக்கு மேலே தகட்டில் இருக்கும் துளையிலிருந்து கார்புரேட்டர் பிராக்கெட் வரை, எக்ஸாஸ்டைத் தொடாமல், எந்த இடத்திலும் மடக்கிப் பிடித்த மாதிரி வளையாமல், பெரிய ஒரே வளைவாக அதை வளைத்து வைத்து, எஞ்சின் ஆடுவதற்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, இரண்டு முனையிலும் டேப் சுற்றிக் குறித்தேன். எடுத்து நேராக்கி அளந்தால் உறையின் நீளம் வந்துவிட்டது. அப்புறம் பெடலைக் கட்டைவிரலால் மேலே தள்ளிப் பிடித்து, நிப்பிள் உட்காரும் பள்ளத்திலிருந்து உறையின் வாய் வரை எவ்வளவு, மறுபக்கம் உறையின் வாயிலிருந்து த்ராட்டில் மூடிய நிலையில் லிவர் பிடிமானம் வரை எவ்வளவு என்று அளந்தேன். இரண்டையும் கூட்டி, அதற்கு மேல் பிடித்து இழுக்க ஒரு விரல் நீளம் சேர்த்தால் வெளியே வேண்டிய கம்பி. நிப்பிளின் குறுக்களவு, நீளம், உருளையா பேரிக்காய் வடிவமா என்பது, தகட்டுத் துளையின் குறுக்களவு, பிராக்கெட்டின் துளை, லிவர் பிடிமானத்துக்குள் போகும் கம்பியின் தடிமன், இவ்வளவையும் வெர்னியர் வைத்துக் குறித்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம்தான் ஆனது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என் கோடை எனக்கு மிஞ்சியிருக்கும்.

இந்த நாட்டில் பழைய வண்டிகளுக்கும் மோட்டார்சைக்கிள்களுக்கும் அளவு கொடுத்தால் கேபிள் செய்து தரும் சிறு பட்டறைகள் இன்னமும் இருக்கின்றன. எனக்கு 46 பவுண்டில் செய்து கொடுத்தார்கள். அங்கே பேசிய பெரியவர் நிதானமாகச் சில விஷயங்களைப் புரியவைத்தார். வளைவு அதிகம் என்றால் மெல்லிய இழைகள் நிறைய உள்ள புரி நல்லது, வளைந்து கொடுக்கும். கொஞ்சமான இழைகளில் தடித்த கம்பி விறைப்பாக இருக்கும், நேராகப் போகும் கேபிளுக்குத்தான் அது சரி. உறைக்குள் நைலான் அல்லது டெஃப்லான் குழாய் இருந்தால் எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பசையாகிவிடும். குழாய் இல்லாத வெறும் இரும்புச் சுருள் உறை என்றால் மாறாக, லேசான எண்ணெய் கட்டாயம் வேண்டும். நிறையப் பேர் புதுக் கேபிளை எடுத்ததும் கிரீஸ் பூசிவிடுகிறார்கள், எந்த வகை என்று கேட்காமல் பூச வேண்டாம்.

மாட்டும்போது அவசரப்படாதீர்கள். முதலில் லிவரில் பிடிமானத் திருகை அளவாக இறுக்கி, ஐடிலில் கம்பிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் த்ராட்டில் ஐடில் திருகின் மேல் உட்காராமல் கேபிளிலேயே தொங்கும், அதன் பிறகு எத்தனை முறை கார்புரேட்டரை டியூன் செய்தாலும் ஐடில் நிற்காது. அப்புறம் ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, எஞ்சின் நிற்கும்போதே ஒருவரை உட்காரவைத்துப் பெடலைத் தரை வரை மிதிக்கச் சொல்லி, உள்ளே த்ராட்டில் தகடு முழுக்கப் படுக்கையாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டு கார்புரேட்டரிலும் பாருங்கள். முழுக்கத் திறக்கவில்லை என்றால் சில சமயம் காரணம் கேபிள்கூட இல்லை, பெடலுக்கு அடியில் புதிதாகப் போட்ட தடித்த கார்ப்பெட்தான். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கார்புரேட்டர் முழுக்கத் திறந்து நின்ற பிறகும் பெடல் இன்னும் கீழே போகிற மாதிரி இருந்தால், நம் காலின் பலம் முழுவதும் அந்த மெல்லிய கம்பியில் இறங்கும். பெடல் தரையில் இருக்கும் தடையில் முட்டி நிற்க வேண்டும், கம்பி தடையாக இருக்கக் கூடாது. என் முதல் கேபிள் நிப்பிள் ஓரத்தில் அறுந்ததற்கு அதுவும் காரணம் என்று பெரியவர் சொன்னார். திரும்பு ஸ்பிரிங் இரண்டையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள், சில பவுண்ட்தான்.

வண்டி அருமையாக ஓடியது. பெடல் பட்டு மாதிரி. எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். செப்டம்பர் வாக்கில் மறுபடி பெடல் கனக்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் எடுத்த காலைத் தொடர்ந்து வர அதற்கு நேரம் பிடித்தது. ஃபிஷ் ஹில் ஞாபகம் வந்து அன்றோடு வண்டியைத் தொடவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வாரம் விற்றுவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். பட்டறைக்குப் போன் செய்து கோபமாகத்தான் பேசினேன். பெரியவர் கோபப்படவில்லை, கேபிளைக் கழற்றி அனுப்பச் சொன்னார். உறையை நீளவாக்கில் பிளந்து படம் எடுத்து அனுப்பினார். உள்ளே இருந்த குழாய் உருகிக் கம்பியில் ஒட்டியிருந்தது. "எக்ஸாஸ்ட் சூடு என்றால் ஒரு இடத்தில்தான் உருகும். இது ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உருகியிருக்கிறது. உங்கள் எஞ்சினுக்கு எர்த் இல்லை, போய்ப் பாருங்கள்" என்றார்.

இதுதான் எனக்கு யாருமே சொல்லாத விஷயம். எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு மின்தொடர்பு தர ஒரு தடித்த எர்த் பட்டை இருக்கும். அது அறுந்தோ கழன்றோ போனால் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற மின்சாரம், அது நூறு ஆம்பியருக்கு மேல் போகும், பாடிக்குத் திரும்ப வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் உலோகத்தால் இணைக்கிற மீதிப் பொருட்களில் ஆக்சிலரேட்டர் கேபிளும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற சோக்கின் கேபிளும் உண்டு. அப்படிப்பட்ட மின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போனால் அது ஹீட்டர் கம்பிதான். ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் கேபிள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் சோக் குமிழும் ரொம்ப நாளாக இழுக்க முடியாமல் இறுகித்தான் கிடந்தது. இரண்டு கேபிளும் சேர்ந்து இறுகுகின்றன என்றால் கேபிளைச் சந்தேகப்படாமல் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது ரொம்பச் சுலபம். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பற்றாது, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெயிண்ட் இல்லாத பாடித் தகட்டிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எர்த் நன்றாக இருந்தால் ஒரு வோல்ட்டில் பத்தில் இரண்டு மூன்று பங்குதான் காட்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு. என் வண்டியில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தால், எண்ணெயில் ஊறிக் கறுத்த பின்னல் பட்டை ஒன்று இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதிது 8 பவுண்ட். போல்ட் உட்காரும் இரண்டு இடத்திலும் பெயிண்டையும் துருவையும் சுரண்டி உலோகம் தெரியும்படி சுத்தம் செய்து மாட்டினேன். 1973 எம்ஜிபியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும், அங்கே பாடிக்குப் போகும் எர்த் முனையையும் அதே சமயத்தில் சுத்தம் செய்துவிட்டேன். அதன் பிறகு ஸ்டார்ட்டர் சுற்றுகிற சத்தமே மாறிவிட்டது. பெரியவரிடம் இன்னொரு கேபிள் வாங்கி, இன்னொரு 46 பவுண்ட் கொடுத்தேன், அந்தக் காசு மட்டும் வலிக்கவே இல்லை.

யாராவது எம்ஜிபிக்கு மட்டும்தானா இது என்று கேட்கலாம். மிட்ஜெட், லோட்டஸ், ஆல்ஃபா, கேபிள் வைத்த எந்தப் பழைய வண்டிக்கும் அளக்கும் முறை இதேதான், எஞ்சின் ரப்பரில் இருக்கிற வரை எர்த் விஷயமும் இதேதான். எஞ்சின் பின்னால் உள்ள வண்டிகளில் கேபிள் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும், அங்கே உராய்வு இன்னும் அதிகம், உள்குழாய் இல்லாத கேபிளை வாங்கவே வேண்டாம்.

கடைசியாக, நடுவழியில் கேபிள் அறுந்துபோனால் என்ன செய்வது என்பது. அறுந்த கேபிள் த்ராட்டிலைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருக்கவில்லை, லிவர் நன்றாகத் திரும்பி உட்காருகிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது சரி என்றால், எஸ்யு கார்புரேட்டரில் சோக்கைக் கொஞ்சம் இழுத்தாலே த்ராட்டிலையும் சேர்த்துச் சற்றுத் திறக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அதை நிறைய இழுத்தால் பெட்ரோல் அதிகமாகி மூச்சு முட்டும், அதனால் கொஞ்சமாக இழுத்துக் குமிழைத் திருப்பிப் பூட்டிவிட்டு, முதல் கியரிலும் இரண்டாவதிலுமாகப் பாதுகாப்பான ஒரு இடம் வரை ஊர்ந்து போய்விடலாம். அன்றைக்கு பிரேக்டவுன்காரர் ஐடில் திருகுகள் இரண்டையும் சமமாக ஏற்றிவிட்டு பிராட்வே வரை என்னை அப்படித்தான் ஓட்ட வைத்தார். டிக்கியில் நான் இப்போது வைத்திருப்பது ஒரு சைக்கிள் பிரேக் கம்பி, திருகு போட்டு மாட்டும் நிப்பிள் இரண்டு, நல்ல கட்டர் ஒன்று, அளவுகள் எழுதிய தாள். சைக்கிள் கம்பியில் வீடு வரை வரலாம், அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.